குழந்தைக்குக் காது வலி: ஆன்டிபயாடிக் எப்போது தேவை, எப்போது பொறுக்கலாம்

சளி பிடித்து மூன்று நாலு நாள் ஆகியிருக்கும். பகலில் ஓரளவு விளையாடிய குழந்தை ராத்திரி படுக்கப் போட்டதும் வீறிட்டு அழும். தூக்கித் தோளில் போட்டால் கொஞ்சம் அடங்கும், படுக்க வைத்தால் மறுபடி ஆரம்பிக்கும். பேசத் தெரிந்த பிள்ளை "காது குடையுது" என்று சொல்லிவிடும். பேசாத பிள்ளை பால் குடிக்க வாய் வைத்ததும் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு அழும். பெரும்பாலும் இது நடுக்காதில் வந்த தொற்றுதான்.

ஏன் குழந்தைகளுக்கே இது அதிகம் வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழல் போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருப்பதால் காதில் சேரும் நீர் தொண்டைக்கு வடிந்துவிடும். கைக்குழந்தைக்கு அது குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்கிறது. சளி பிடித்தால் குழல் வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் தேங்கும், அதில் கிருமி பெருகும், செவிப்பறை வெளிப்பக்கம் புடைக்கும். வலி அந்தப் புடைப்பால் வருவது. படுத்தால் அழுத்தம் கூடுகிறது, விழுங்கினால் அழுத்தம் மாறுகிறது. அதனால்தான் ராத்திரியிலும் பால் குடிக்கும்போதும் அழுகை. 6 மாதத்திலிருந்து 2 வயது வரைதான் இது மிக அதிகமாக வருகிறது.

சில வைரஸ்களும், நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்ஸெல்லா என்ற மூன்று பாக்டீரியாக்களும்தான் முக்கியக் காரணம். பாக்டீரியாவே காரணமாக இருந்தாலும் பெரும்பாலான குழந்தைகளின் உடம்பு அதைத் தானே வென்றுவிடும். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதல் 24 மணி நேரத்தில் 100 குழந்தைகளில் சுமார் 60 பேருக்கு வலி போய்விடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அடுத்த சில நாளில் ஒரு குழந்தைக்குக் கூடுதலாக வலி போக வேண்டுமானால் சுமார் 20 குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே மருந்தால், கொடுக்கும் 14 பேரில் ஒருவருக்கு பேதி, வாந்தி, தடிப்பு என்று ஏதாவது ஒரு தொந்தரவு கூடுதலாக வருகிறது. இதைப் படித்துவிட்டு ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில குழந்தைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். யாருக்கு என்று பிரிப்பதுதான் விஷயம்.

விடியும்வரை செய்ய வேண்டியது

முதல் வேலை வலியைக் குறைப்பது. ஆன்டிபயாடிக் ஆரம்பித்தாலும் முதல் 24 மணி நேரத்தில் அது வலியைக் குறைக்காது. குறைப்பது பாராசிட்டமால்தான். காய்ச்சல் இல்லாவிட்டாலும் வலிக்காகக் கொடுக்கலாம்.

ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. அடுத்த வேளைக்கு 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். 3 மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

தவறு நடப்பது மி.கி.யை மி.லி.யாக மாற்றும் இடத்தில். மெடிக்கலில் பாராசிட்டமால் மூன்று அடர்த்தியில் கிடைக்கிறது. பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள்:

சொட்டு மருந்து, 1 மி.லி.யில் 100 மி.கி.: எடையை 0.15ஆல் பெருக்கினால் வருவது மி.லி. 10 கிலோ குழந்தைக்கு 1.5 மி.லி.

சிரப், 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி.: எடையை 0.6ஆல் பெருக்குங்கள். 10 கிலோவுக்கு 6 மி.லி.

சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி.: எடையை 0.3ஆல் பெருக்குங்கள். 10 கிலோவுக்கு 3 மி.லி.

ஒரே குழந்தை, ஒரே மருந்து. ஆனால் பாட்டிலைப் பொறுத்து 1.5 மி.லி., 6 மி.லி., 3 மி.லி. என்று அளவு மாறுகிறது. "போன தடவை ஒரு மூடி கொடுத்தோம்" என்ற ஞாபகத்தில் சொட்டு மருந்தை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். இது ஈரலைப் பாதிக்கும் அளவுக்கான பாதை. அதேபோல் 250 என்று நினைத்து 125ஐ ஊற்றினால் பாதி மருந்துதான் போகும். "மருந்து கொடுத்தும் கேக்கல" என்ற புகாரில் ஒரு பங்கு இப்படி வருவதுதான்.

எடை தெரியவில்லை என்றால் அங்கன்வாடியில் கடைசியாகப் போட்ட எடையைப் பாருங்கள். அளக்க சமையல் கரண்டி வேண்டாம். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்தால் போதும். கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும்.

ஐபுப்ரோஃபென் காது வலிக்கு நன்றாகவே கேட்கும். 6 மாதத்துக்கு மேல், கிலோவுக்கு 10 மி.கி. வீதம், 8 மணிக்கு ஒரு தடவை கொடுக்கலாம். ஆனால் நம் பக்கம் மழைக்காலத்தில் டெங்கு உண்டு. காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாளில் அது காதுக் காய்ச்சலா டெங்குவா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. டெங்குவாக இருந்தால் ஐபுப்ரோஃபெனும், இங்கே காய்ச்சல் சிரப்பாக அதிகம் விற்கும் மெஃபெனமிக் அமிலமும் இரத்தக் கசிவைக் கூட்டும். வாந்தி பேதியால் உடம்பு காய்ந்திருந்தால் சிறுநீரகத்துக்கும் ஆகாது. எனவே டாக்டர் பார்க்கும்வரை பாராசிட்டமால் மட்டும். பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்று கலந்த சிரப்பும் விற்கிறது. அதைக் கொடுத்துவிட்டுத் தனியாகவும் பாராசிட்டமால் கொடுத்தால் இரட்டை அளவு ஆகிவிடும். சளி சிரப்புகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கே கூடாது.

மருந்து வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை நிமிர்த்தி மடியில் வைத்திருங்கள். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பார்த்து, காதின் வெளிப்பக்கம் ஒற்றலாம். மூக்கு அடைத்திருந்தால் மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு இரண்டிரண்டு துளி விட்டபின் பால் கொடுத்தால் குழந்தையால் மூச்சு விட்டுக்கொண்டே குடிக்க முடியும்.

காதுக்குள் எதையும் ஊற்றாதீர்கள்

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், தாய்ப்பால், வெங்காயச் சாறு, இலைச்சாறு எல்லாம் நம் வீடுகளில் பழக்கம். ஆயா அன்போடுதான் செய்கிறார். ஆனால் வலி செவிப்பறைக்கு உட்பக்கம் இருக்கிறது. முழு செவிப்பறையைத் தாண்டி ஒரு சொட்டும் உள்ளே போகாது. செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் நேராக நடுக்காதுக்குப் போய்விடும். இரண்டு வகையிலும் நன்மை இல்லை. போதாக்குறைக்கு எண்ணெய் பூசிய காதில் டாக்டர் கருவி வைத்துப் பார்த்தால் செவிப்பறை சரியாகத் தெரியாது. முடிவெடுக்க வேண்டிய ஒரே தடயம் மறைந்துபோகும்.

அழுக்குக் கரைக்கும் சொட்டு மருந்தையும் காது வலிக்கென்று கேட்டு வாங்குகிறார்கள். அதில் பல வகைகளில் டர்பன்டைன் எண்ணெய் இருக்கிறது. ஓட்டைச் செவிப்பறையில் அது படக் கூடாது. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகளும் அப்படியே. ஓட்டை வழியாக உள்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடியவை அவை. ஊக்கு, கோழி இறகு, பட்ஸ், தீக்குச்சி பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

மூக்கடைப்புச் சிரப்பும் அலர்ஜிச் சிரப்பும் காதில் தேங்கிய நீரை வடிக்காது. குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

காது வலி எல்லாம் நடுக்காதுத் தொற்று அல்ல

காய்ச்சல் இல்லை, நன்றாகத் தூங்குகிறது, சாப்பிடுகிறது, சும்மா காதைத் தடவிக்கொண்டே இருக்கிறது என்றால் அது பல் முளைப்பதாகவோ வெறும் பழக்கமாகவோ இருக்கலாம். காது மடலை இழுத்தாலோ காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் குருத்தெலும்பை அழுத்தினாலோ துடித்துப்போனால் அது வெளிக்காதுப் புண். கிணற்றிலும் ஏரியிலும் குதிக்கும் பெரிய பிள்ளைகளுக்கு வெயில்காலத்தில் வருவது. அதற்குச் சொட்டு மருந்துதான் வைத்தியம், சிரப் அல்ல. காதுக்குக் கீழே தாடை வீங்கியிருந்தால் பொன்னுக்கு வீங்கியா என்று பார்க்க வேண்டும்.

மணி, புளியங்கொட்டை, கேழ்வரகு என்று பிள்ளைகள் எதையாவது காதில் போட்டுக்கொள்வதும் உண்டு. தானியம் போயிருந்தால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும். பட்டன் பேட்டரி போயிருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் கிளம்புங்கள், அது சதையை அரிக்கும்.

யோசிக்காமல் கிளம்ப வேண்டியவை

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மேல் வீக்கம், சிவப்பு, தொட்டால் வலி, காது மடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்பது. முகத்தின் ஒரு பக்கம் கோணுவது. கழுத்து விறைப்பு, வலிப்பு, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது. குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது அல்லது எதுவும் குடிக்காதது. நடக்கும் பிள்ளை திடீரென்று தள்ளாடுவது. 3 மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல். இதில் எது இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கே போய்ச் சேருங்கள்.

ஆன்டிபயாடிக்: முடிவு எப்படி எடுக்கப்படுகிறது

டாக்டர் ஆட்டோஸ்கோப் என்ற சிறு விளக்குக் கருவியைக் காதில் வைத்துப் பார்ப்பார். அவர் தேடுவது புடைப்பு. செவிப்பறை வெளிப்பக்கம் உப்பியிருந்தால்தான் அது நடுக்காதுத் தொற்று. சிவப்பாக இருப்பது மட்டும் போதாது, அரை மணி நேரம் அழுத எந்தக் குழந்தையின் செவிப்பறையும் சிவந்துதான் இருக்கும். நீர் மட்டும் தேங்கி, வலியும் புடைப்பும் இல்லை என்றால் அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது.

அதனால் வெளியே வரும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: "செவிப்பறை புடைச்சிருக்குதுங்களா? ஒரு காதா, ரெண்டு காதும்ங்களா?" கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த இரண்டு பதிலோடு வயதையும் வலியின் கடுமையையும் சேர்த்தால் முடிவு தானாக வந்துவிடும்.

6 மாதத்துக்குக் கீழ்: தொற்று என்று தெரிந்தால் ஆன்டிபயாடிக் உடனே. காத்திருப்பு இல்லை.

எந்த வயதானாலும் காய்ச்சல் 102.2 டிகிரியைத் தொட்டுவிட்டாலோ, வலி கடுமையாக இருந்தாலோ, வலி 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ: உடனே.

காதிலிருந்து சீழ் வடிந்தால்: உடனே.

6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள், இரண்டு காதிலும் இருந்தால்: வலி லேசாக இருந்தாலும் ஆன்டிபயாடிக்.

அதே வயதில் ஒரு காதில் மட்டும், லேசான வலி, காய்ச்சல் 102.2க்குக் கீழ்: கொடுக்கலாம், அல்லது 48 முதல் 72 மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். டாக்டரும் நீங்களும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய இடம் இது.

2 வயதுக்கு மேல், லேசானது: ஒரு காதானாலும் இரண்டு காதானாலும் பொறுத்துப் பார்க்கலாம்.

பிளவுபட்ட அண்ணம், டவுன் சிண்ட்ரோம், நோய் எதிர்ப்புக் குறைவு, காக்ளியர் இம்பிளான்ட் (கேட்பதற்காக உள்காதில் பொருத்திய கருவி) உள்ள குழந்தைகளுக்கு இந்தப் பொறுத்திருக்கும் கணக்கு பொருந்தாது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆட்டோஸ்கோப் இல்லாத இடத்தில், காது வலி என்றோ 14 நாளுக்குள் வந்த சீழ் என்றோ குழந்தையைக் கொண்டுபோனால், சுகாதாரப் பணியாளர்கள் 5 நாள் அமாக்ஸிசிலின் கொடுப்பார்கள். அவர்களுக்கான தேசிய வழிகாட்டுதலே அப்படித்தான் இருக்கிறது. காதுக்குள் பார்க்க வழியில்லாதபோது எலும்புக்குப் பரவும் ஆபத்தைத் தவிர்ப்பது பெரிது என்ற கணக்கு அது. அப்படிக் கொடுத்த செவிலியர் மேல் குறை சொல்லி மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அதேசமயம் பார்க்க வழி இருக்கும் ஊரில், காதைப் பார்க்காமலேயே எழுதப்படும் ஆன்டிபயாடிக்கை ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். "ஒரு தடவை காதைப் பாத்துச் சொல்லுங்க சார்" என்று கேட்பது உங்கள் உரிமை.

பொறுத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல

தர்மபுரி டவுனிலோ ஓசூரிலோ இருப்பவர்கள் "ரெண்டு நாள் பாத்துட்டு வாங்க" என்றால் போய்வந்துவிடுவார்கள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கமிருந்து வருபவர்களுக்கு அது ஒரு நாள் கூலியும் பஸ்ஸும். அதனாலேயே பல டாக்டர்கள் மலையிலிருந்து வந்த தாயைப் பார்த்ததும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று அன்றே மருந்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. "சீட்டு எழுதிக் குடுங்க, மருந்தை வாங்கி வெச்சிக்கிறோம், எப்ப ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். பவுடர் நிலையில் இருக்கும் பாட்டில், தண்ணீர் கலக்காதவரை, லேபிளில் போட்டிருக்கும் காலாவதி நாள் வரை கெடாது. தேவைப்பட்டால் கலக்கலாம். தேவைப்படாவிட்டால் அதை அடுத்த சளிக்கோ அடுத்த பிள்ளைக்கோ எடுக்காதீர்கள்.

காத்திருக்கும் இரண்டு மூன்று நாளும் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன மருந்து, காய்ச்சல் எவ்வளவு, ராத்திரி எத்தனை தடவை எழுந்தது, எத்தனை தடவை சிறுநீர் போனது. மூன்றாம் நாள் அசதியில் "கொறஞ்ச மாதிரிதான் இருக்குது" என்று மனசு சொல்லும். தாள் உண்மையைச் சொல்லும். பாராசிட்டமாலைக் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள், அழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

48 மணி நேரத்தில் வலியும் காய்ச்சலும் குறைந்து, தூக்கமும் சாப்பாடும் திரும்பினால் மருந்து வேண்டாம். குறையவில்லை என்றால் 72 மணி நேரம் தாண்டாமல் ஆரம்பித்துவிடுங்கள். நடுவில் காய்ச்சல் 102.2 ஆனாலோ, வலி கூடினாலோ, சீழ் வந்தாலோ உடனே ஆரம்பித்து, போனில் டாக்டரிடமும் சொல்லுங்கள். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். மேலே சொன்ன ஆபத்தான அறிகுறி எதுவும் வந்தால் வீட்டு மருந்தோடு நிற்காமல் 108.

ஆரம்பித்தால் சரியாகக் கொடுங்கள்

முதல் மருந்து அமாக்ஸிசிலின். விலை குறைவு, நியூமோகாக்கஸை நன்றாக அடக்கும். "லோ பவர் மருந்து" என்று மெடிக்கலில் சொன்னால் நம்பாதீர்கள். அஸித்ரோமைசின் மூன்று நாள் மருந்து என்பதால் எல்லோருக்கும் பிடிக்கிறது, ஆனால் காதில் இருக்கும் கிருமிகள் பலவும் அதற்குப் பழகிவிட்டன. செஃபிக்ஸிம் நியூமோகாக்கஸிடம் அவ்வளவு வலிமையாக வேலை செய்யாது. பென்சிலின் அலர்ஜி உள்ள குழந்தைக்கு மாற்று மருந்து வேண்டியிருக்கும், அதை டாக்டர் தேர்ந்தெடுப்பார். கடந்த 30 நாளுக்குள் அமாக்ஸிசிலின் சாப்பிட்டிருந்தாலோ, கண்ணிலும் சீழ்ப்பீளை இருந்தாலோ கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த அமாக்ஸிசிலின் தேவைப்படும். அதனால் இந்த இரண்டையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இந்த மருந்துகள் எல்லாம் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் உள்ளவை. அட்டையின் இடப்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அதுதான் அடையாளம்.

காதுத் தொற்றுக்குக் குழந்தைகளில் பரிந்துரைக்கப்படும் அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து. காதுக்குள் மருந்து ஏறுவது குறைவு என்பதால்தான் இந்தக் கூடுதல் அளவு. 10 கிலோ குழந்தைக்கு வேளைக்கு 400 முதல் 450 மி.கி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் வேளைக்கு 8 முதல் 9 மி.லி. உங்கள் குழந்தைக்கான அளவு டாக்டர் எழுதியதே. இந்தக் கணக்கு, சீட்டில் எழுதியதும் பாட்டிலில் இருப்பதும் பொருந்துகிறதா என்று சரிபார்க்க.

எத்தனை நாள்? 2 வயதுக்குக் கீழ் 10 நாள். 2 முதல் 5 வயது வரை 7 நாள். 6 வயதுக்கு மேல் 5 முதல் 7 நாள்.

இப்போது பாட்டிலைக் கணக்குப் பாருங்கள். நாளைக்கு 17 மி.லி. என்றால் 60 மி.லி. பாட்டில் மூன்றரை நாளில் தீர்ந்துவிடும். 30 மி.லி. பாட்டில் இரண்டு நாள்கூட வராது. 10 நாளுக்கு 170 மி.லி. வேண்டும், அதாவது மூன்று 60 மி.லி. பாட்டில். ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஒரு பாட்டில் வாங்கி, "மருந்து தீர்ந்துபோச்சு, கோர்ஸ் முடிஞ்சுது" என்று நிறுத்திவிடுகிறார்கள். அலட்சியம் என்று இதைச் சொல்ல மாட்டோம், யாரும் அவர்களுக்குக் கணக்குச் சொல்லவில்லை. மெடிக்கலில் நிற்கும்போதே "மொத்தம் எத்தனை பாட்டில் வேணும்?" என்று கேட்டு, எல்லாவற்றையும் ஒரே தடவை வாங்கிவிடுங்கள். ஒவ்வொன்றையும் தேவைப்படும்போதே கலக்குங்கள்.

கலக்கும் முறை: மூடியைத் திறக்கும் முன் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். பிறகு கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்கி, நுரை அடங்கும்வரை வையுங்கள். நுரை அடங்கியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அங்கேயே விட்டால் மருந்து அடர்த்தியாகிவிடும், கோடு வரை மறுபடி நிரப்புங்கள். சூடான தண்ணீர் ஊற்றினால் மருந்து கெடும். கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். லேபிளில் வேறு மாதிரி போடாவிட்டால் 7 நாள்தான் அதன் ஆயுள். ஒவ்வொரு வேளையும் குலுக்கிய பிறகே எடுங்கள். இல்லையேல் முதல் நாட்களில் தண்ணீரும் கடைசி நாட்களில் கெட்டியான மருந்துமாகப் போகும்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், அதுவும் சித்திரை வெயிலில், சிரப்பை விடத் தண்ணீரில் கரையும் மாத்திரை நல்லது. 125, 250 மி.கி. அளவில் கிடைக்கிறது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தேக்கரண்டி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும், கெடும் பயம் இல்லை. சீட்டு எழுதும்போதே "வீட்ல ஃபிரிட்ஜ் இல்லீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

கொடுத்த அரை மணிக்குள் முழுவதும் வாந்தி எடுத்துவிட்டால் அதே வேளையை ஒரு தடவை திரும்பக் கொடுக்கலாம். லேசான பேதி எதிர்பார்க்கக்கூடியதே. மருந்தை நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், சாப்பாடும் தொடரட்டும். உடம்பெல்லாம் தடித்துக்கொண்டாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. ஆன்டிபயாடிக் ஆரம்பித்து 48 முதல் 72 மணி நேரம் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் மருந்து மாற்ற வேண்டியிருக்கும், மறுபடி காட்டுங்கள்.

சீழ் வடிந்தால்

ராத்திரி முழுக்க அழுத குழந்தை விடியற்காலையில் திடீரென்று தூங்கிவிடும். தலையணையில் மஞ்சளாக, சில நேரம் ரத்தம் கலந்து கறை இருக்கும். அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் சிறு ஓட்டை விழுந்து சீழ் வெளியேறியிருக்கிறது. பயந்துபோக வேண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் அது தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டி ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது காதைத் திரி போட்டு உலர்த்துவது. நன்றாகத் துவைத்துக் காய்ந்த, மெல்லிய பருத்தித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வேட்டி உறிஞ்சும், பாலியஸ்டர் உறிஞ்சாது. இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, ஒரு முனையை விளக்குத் திரிபோல் கூராக முறுக்குங்கள். காது மடலை மெல்லப் பின்பக்கம் இழுத்து, திரி முனையைக் காதுத் துளையில் நுழைத்து, தடை தெரியும் இடத்தில் நிறுத்தி, நனையும்வரை அப்படியே விடுங்கள். எடுத்துவிட்டுப் புதுத் திரி. திரி உலர்ந்து வெளியே வரும்வரை செய்யுங்கள், முதல் நாளில் ஐந்தாறு திரிகூட ஆகலாம். ஒரு நாளைக்கு மூன்று தடவை. திரியை உள்ளேயே விட்டுவிடக் கூடாது. பஞ்சு சுற்றிய குச்சி வேண்டாம், அது சீழை உள்ளே தள்ளும். முன்னும் பின்னும் கை கழுவுங்கள்.

டாக்டர் சொட்டு மருந்து எழுதினால் (ஓட்டைக் காதுக்கு சிப்ரோஃபிளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின் வகைதான் பாதுகாப்பானவை) திரியால் உலர்த்திய பிறகே விடுங்கள். சீழ் நிறைந்த காதில் விட்டால் மருந்து மேலேயே நின்றுவிடும். பாட்டிலைக் கைக்குள் வைத்து இளஞ்சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த சொட்டு தலைசுற்றலைக் கொண்டுவரும். குளிக்கும்போது வாஸலின் தடவிய பஞ்சை வெளியில் வைத்து அடையுங்கள். ஓட்டை மூடியது என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை கிணறு, ஏரி, ஒகேனக்கல் குளியல் எதுவும் கூடாது.

14 நாளைத் தாண்டியும் சீழ் வந்துகொண்டே இருந்தால் அது நாட்பட்ட சீழ். சிரப்பால் நிற்காது. உலர்த்துவதும் சொட்டு மருந்தும்தான் அதற்கு வைத்தியம், காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்தாக வேண்டும். வலியே இல்லாமல், கொஞ்சமாக, துர்நாற்றத்தோடு வடியும் சீழை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். எலும்பை அரிக்கும் வகை அப்படித்தான் ஓசையில்லாமல் வரும்.

திரும்பத் திரும்ப வருகிறது என்றால்

6 மாதத்தில் மூன்று தடவை, அல்லது ஒரு வருடத்தில் நாலு தடவை வந்து அதில் ஒன்று கடைசி 6 மாதத்துக்குள் என்றால், ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் வாங்கிக்கொண்டே போகாமல் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போங்கள்.

வீட்டில் மாற்றக்கூடியவை சில உண்டு. படுக்கவைத்துப் பாட்டில் பால் கொடுப்பதை நிறுத்துங்கள், தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே விறகடுப்பு மூட்டும் வீடுகளில் குழந்தையைப் புகையிலிருந்து தள்ளிப் படுக்க வையுங்கள். பீடி, சிகரெட் வீட்டுக்கு வெளியே. குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் புகைதான். எண்ணெய்க் குளியலில் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விட்டு ஊதுவதை விட்டுவிடுங்கள், மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கே போகும். நியூமோகாக்கஸுக்கான தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு அட்டவணையில் இலவசமாக இருக்கிறது: 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம். அட்டையை எடுத்துப் பாருங்கள், 9ஆம் மாத ஊசிதான் அதிகம் விட்டுப்போவது.

வலி போன பிறகும் நடுக்காதில் நீர் சில வாரங்கள், சில நேரம் மூன்று மாதம் வரை தேங்கியிருக்கும். அதற்கு மருந்து தேவையில்லை, ஆனால் அந்த நாட்களில் குழந்தைக்குக் காது மந்தமாக இருக்கும். கூப்பிட்டால் திரும்பாது, டிவி சத்தத்தைக் கூட்டும், வகுப்பில் கவனிக்கவில்லை என்று புகார் வரும். பேச்சு வரும் வயதில் இது முக்கியம். முதுகுப் பக்கம் நின்று, முகம் காட்டாமல், மெல்லிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று மாதம் கழித்தும் திரும்பவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்புத் திறன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். குழந்தைகளைச் சோதிக்கும் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு தடவையும் பள்ளிக்கு ஒரு தடவையும் வரும். அந்த நாளை அங்கன்வாடி ஆசிரியையிடம் கேட்டு வைத்துக்கொண்டு, "இவனுக்குக் காதுல சீழ் வந்திருந்துது, இப்ப கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான்" என்று நேரில் சொல்லுங்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு போனால் மருத்துவமனையில் எங்கே போவது என்று அலைய வேண்டியதில்லை.